நயினார் அண்ணாச்சியின் சைவச் சட்டி

வெள்ளிக்கிழமைகளில் நான் மீனும் கறியும் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தபோது, அவர் எழுந்து நடக்கிறவரை வெள்ளிதோறும் சுத்தபோசனம் இருப்பதாக வெட்டுகாடு மாதா கோயிலில் முட்டுக்குத்தி நேர்ந்துகொண்டேன். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ‘டோக்கியோ தட்டு’ என்ற கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, வேலைக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கோழி போட்ட சோறு. புது இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சம். பசியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கல்லாவில் இருந்த பெண் குடைந்து கேட்டபோது அவளிடம் மட்டும் நேர்ச்சையைச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கழுவிய தட்டுகளை அடுக்கும் அலமாரியில் மூடி போட்ட ஒரு கிண்ணம் இருந்தது. திறந்தால் முட்டைக்கோசும் கேரட்டும் போட்டுக் கிளறிய சோறு, சூடாக. யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இருந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை சீக்கிரம் போனதால் பார்த்துவிட்டேன். கோழி வேலை தொடங்குவதற்கு முன்னால், வாணலியைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவி, சமையற்காரர் நயினார் அண்ணாச்சி அந்தச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “என்னம்மா நிக்கே? அங்க பாத்திரம் மலையாட்டம் கெடக்கு,” என்று அதட்டினார்.

அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கிண்ணம் இருக்கும். அவ்வளவுதான்.

அவர் முழுப் பெயர் ஆறுமுகநயினார். தென்காசிப் பக்கம். பிறந்ததிலிருந்து சைவம். கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் இருபத்திரண்டு வருடம் சாம்பாரும் ரசமும் வைத்தவர். அந்த ஓட்டலை இடித்துவிட்டு நாலு மாடி கட்டினார்கள். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? படிக்கிற காலத்தில் அவருடைய ரசத்தைக் குடித்து வளர்ந்த பிரஜின்தான் கொடுத்தான். பிரஜின் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதே கம்பெனிகளின் வாசலில் டோக்கியோ தட்டைத் தொடங்கியிருந்தான். ஜப்பான்காரர், கொரியாக்காரர், தாய்லாந்துக்காரர் சாப்பாடெல்லாம் அங்கே கிடைக்கும். பெரிய ஓட்டலில் ஆயிரம் ரூபாய் கேட்கிற ராமென், அதாவது சூப்பில் மிதக்கிற நூடுல்ஸ், இங்கே நூற்றைம்பது. மத்தியானம் ஒரு மணிக்குப் போனால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரம் வரை வரிசை நிற்பார்கள்.

காய்கறி வெட்டத்தான் அண்ணாச்சியை எடுத்தது. முன்னால் சமைத்தவன் வடகிழக்கிலிருந்து வந்த பையன். அக்கா கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போகிறபோது, மூன்று வாரம் பக்கத்தில் நிறுத்திக் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. அவன் பேசியது இந்தி, இவருக்குத் தெரிந்தது தமிழும் மலையாளமும். ஆனாலும் ஒரே மாதத்தில் வேலை முழுவதும் இவர் கைக்கு வந்துவிட்டது. கறுப்புச் சட்டையும், ஜப்பான் எழுத்துப் போட்ட தலைக்கட்டும், அதற்குக் கீழே மூன்று கோடு திருநீறுமாக நிற்பார். பிள்ளைகள் ஜப்பான் மரியாதையில் ‘நயினார் சான்’ என்று கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள்.

“என்ன எழுத்துன்னே தெரியாம தலையில கட்டியிருக்கீங்களே அண்ணாச்சி, கள்ளன்னு எழுதியிருந்தா?” என்று கல்லாவில் இருக்கும் ரெஷ்மா சீண்டுவாள்.

“உன் பேரைத்தான் எழுதியிருக்கு பிள்ளே. அதான் தலைவலி விடமாட்டேங்கு.”

வேலைக்குச் சேரும்போதே பிரஜினிடம் அவர் சொன்னாராம்: “மாமிசத்தைக் கையால தொடுவேன், அது பொழப்பு. நாக்கு மட்டும் என்னுது.” அதனால் கோழிச் சட்டியின் சூப்பை நான்தான் ருசி பார்ப்பேன். உப்பு குறைந்தால் ஒரு விரல், கூடினால் இரண்டு விரல் காட்டுவேன். சைவச் சட்டியை அவரே பார்ப்பார். இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி. சைவக் கரண்டியின் காம்பில் மஞ்சள் நூல் சுற்றியிருப்பார்.

அந்தச் சைவச் சட்டிதான் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. முன்னால் இருந்த பையன் வைத்த சைவ சூப் வெறும் கடல்பாசித் தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்குமாம். கோழிச் சட்டியில் அவன் ஒரு பிடி போடுவது உண்டு, தச்சுப் பட்டறையில் இழைப்புளி தள்ளுகிற மரச்சீவல் மாதிரி, மெல்லிசாகப் புகை வாசனையோடு. கொச்சியிலிருந்து பேர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் வரும். பட்டை, ஜாதிபத்திரி மாதிரி ஏதோ ஒரு மரத்தோல் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். “கோழிக்கு மட்டும் வாசனை, சைவத்துக்கு இல்லையாக்கும்?” என்று சைவச் சட்டியிலும் ஒரு பிடி போட்டார். ருசி தூக்கிவிட்டது. மீன், கறி தொடாத பிள்ளைகள் எல்லாம் தேடி வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்தான் ராமசுப்ரமணியன். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துப் பிள்ளை, எதிர்க் கட்டடத்தில் வேலை. முதல் நாள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “மாமா, வெஜ்னா நெஜமாவே வெஜ்தானே? ஆத்துல தெரிஞ்சா அம்மா என்னை உள்ளயே விடமாட்டா.”

“தம்பி, அதே சட்டியிலதான் நானும் ருசி பாக்கேன். நான் வாயில வைக்காததை உங்க கிண்ணத்துல ஊத்தமாட்டேன்.”

அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் வந்தார். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். “அம்மா வெளியில காபி கூடக் குடிச்சதில்லை மாமா. உங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லித்தான் சம்மதிச்சிருக்கா. ஒரு வார்த்தை நீங்களே பேசிடுங்கோளேன்,” என்று போனை நீட்டினார். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “அம்மா, வணக்கம். நானும் சைவம்தாம்மா. பயப்படாம வாங்க. என் வீட்டுல சாப்பிடுத மாதிரி நெனச்சுக்கங்க,” என்றார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

புதன்கிழமை காலை அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். “மேரி, என் கை ஈரமா இருக்கு. புதுப் பையைப் பிரிச்சு அந்தச் சீவலை டப்பாவுல தட்டு,” என்றார். சீவல் டப்பா எப்போதும் அவர் பக்கத்து அலமாரியில், இறுக்கி மூடியபடி இருக்கும். அதுவரை நான் அதைத் திறந்ததில்லை.

பையின் வாயைக் கத்தரித்தேன். வாசனை முகத்தில் அடித்தது. எனக்குக் கை நின்றுவிட்டது.

என் ஊர் குளச்சல். என் அம்மா சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி ஆகிறவரை காயவைத்து விற்றவள். மாசி என்போம். உரலில் இடித்துத் தேங்காயோடு சம்மந்தித் துவையல் அரைத்தால் தெரு முழுக்க மணக்கும். அந்த மணம்தான் இது. கோழிச் சட்டியில் ருசி பார்க்கிறபோதெல்லாம் லேசாக மீன் வாடை தட்டியிருக்கிறது. அந்தச் சட்டியில் பாட்டில் மீன் சாறும் ஊற்றுவது உண்டு, அதுதான் என்று இருந்துவிட்டேன். ஒரு சீவலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

“தட்டிட்டியா?” என்றார்.

“தட்டிட்டேன் அண்ணாச்சி.”

வந்தார். ஒரு பிடி கோழிச் சட்டியில், ஒரு பிடி சைவச் சட்டியில். பிறகு மஞ்சள் நூல் சுற்றிய கரண்டியால் மொண்டு, ஊதி, குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று கழுவும்போது இரண்டு கிண்ணம் உடைத்தேன். சொன்னால் மனுஷர் என்ன ஆவார்? வெறும் வயிற்றில் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கிறவர். சொல்லாவிட்டால் அந்த அம்மா வெள்ளிக்கிழமை வந்து மீன் சாறு குடிப்பாள். சொல்லிக் கடை மூடிப்போனால், என் வீட்டுக்காரர் மருந்துக்கு எங்கே போவேன்? ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மணி எண்ணினேன் என்றே தெரியவில்லை. மாதாவே, வேறு யார் வாயிலாவது இந்தச் சொல்லைக் கொடு என்றுதான் கேட்டேன்.

வியாழக்கிழமை காலையும் அவர் ஒரு பிடி போட்டார், மொண்டு குடித்தார். நான் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பிரஜின் வந்ததும் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் நம்பவில்லை. கொச்சிக்காரனுக்குப் போன் போட்டான். பேசப் பேச அவன் முகம் வெளுத்தது.

“சேச்சி, மீன்தான்,” என்றான். “கோழிக்குப் போடறதுன்னுதான் நான் வாங்கினது. அண்ணன் அதை வெஜ்லயும் போடறார்னு எனக்கறியில்லை.”

“சொல்லணும் மோனே.”

“மிண்டாம இரு சேச்சி, வாயே திறக்க வேண்டாம். அண்ணன் அறிஞ்சா ரோட்டுல நின்னு எல்லார்கிட்டயும் சொல்வார். நான் இன்னிக்கே நிறுத்தறேன். இனி அது வெஜ் சட்டில விழாது. விழலைன்னா பின்ன என்ன பிரஸ்னம்?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதாகத்தான் எனக்கு அப்போது பட்டது. பிரஜின் உள்ளே போனான். அண்ணாச்சி கழிவறைக்குப் போன நேரம் பார்த்துச் சைவச் சட்டியை அப்படியே கவிழ்த்தான். அவர் வந்ததும், “பல்லி விழுந்துடுச்சு அண்ணா,” என்றான். டப்பாவையும் ஒளித்துவிட்டு, அதிலும் பல்லி எச்சம் பட்டுக் கொட்டியாயிற்று, மழையில் கொச்சி வண்டியும் வரவில்லை, சீவல் தீர்ந்தது என்றான்.

“என் சட்டியில பல்லியா? மூடி போட்டுல்லா வச்சேன்!” அண்ணாச்சிக்கு ஆறவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, கூரைப் பலகையெல்லாம் துணியால் துடைத்தார். “நாளைக்கு அந்தம்மா வர்ற நேரம் பாத்து இப்படியா?” என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டு துடைத்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. நான் போனபோது அலமாரியில் என் கிண்ணம் வழக்கம்போல மூடியோடு இருந்தது. அதைத் தொட மனசு வரவில்லை.

புதுச் சட்டியில் சைவ சூப் கொதித்தது. காளான், இஞ்சி, கடல்பாசி. அண்ணாச்சி மொண்டு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “சப்புன்னு கெடக்கு.” இன்னும் கொஞ்சம் காளான் போட்டார், மறுபடி குடித்தார், உதட்டைப் பிதுக்கினார். சப்பென்றே இருக்கட்டும் ஆண்டவரே என்று நினைத்தேன்.

மணி பன்னிரண்டே முக்கால். ரெஷ்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். “அண்ணாச்சி, உங்க ஐயர் பையன் போன் பண்ணினார். ஆட்டோல வந்திட்டிருக்காங்க. பத்து நிமிஷம்.”

அண்ணாச்சி கையைக் கழுவினார். சுவரில் மாட்டியிருந்த தன் பையை எடுத்து, அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார்.

“தீந்துட்டுன்னு அவன் சொன்னான். நான் புதன்கிழமையே கொஞ்சம் எடுத்து வச்சிட்டேன், உடையாத நல்ல சீவலாப் பொறுக்கி. அந்தம்மாவுக்குன்னு.” மூடியைத் திறந்தார். மாசி மணம் வந்தது. ஒரு பிடி அள்ளிச் சட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை அவரை நான் தொட்டதே இல்லை.

“ஏ மேரி! என்ன இது?”

“போடாதீங்க அண்ணாச்சி. அது மரம் இல்ல.”

“பின்ன?”

“மீனு. எங்க ஊர் மாசி.”

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கையை மெல்ல விடுவித்து, சீவலை டப்பாவில் திரும்பப் போட்டார். மூடியைத் தேடினார். மூடி அவருடைய இடது கையிலேயே இருந்தது.

“நிச்சயமா?”

“எங்கம்மா செஞ்சு வித்தா அண்ணாச்சி. பிரஜின் போன் போட்டும் கேட்டாச்சு.”

“நீ எப்பம் அறிஞ்ச?”

“புதன்கிழமை. பையைப் பிரிச்சப்பம்.”

அவர் சைவச் சட்டியின் அடுப்பை அணைத்தார். “புதன், வியாழன்,” என்றார். “ரெண்டு நாளும் நான் குடிச்சேன். நீ பாத்துக்கிட்டு நின்னியே, மேரி.”

எனக்குச் சொல்லப் பயமாக இருந்தது என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

அவர் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் மறுபடியும் கொப்பளித்தார். தலைக்கட்டை அவிழ்த்து மேடையில் மடித்து வைத்தார். பிரஜின் கதவை மறித்து, “அண்ணா, என்டெ பொன்னண்ணா, ஒரு நிமிஷம்,” என்றான். அவனைத் தள்ளவில்லை. தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

ஆட்டோ வாசலில் நின்றிருந்தது. ராமசுப்ரமணியன் முதலில் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அம்மாவை இறக்காதீங்க,” என்றார் அண்ணாச்சி.

“என்ன மாமா, இடம் இல்லையா?”

“இத்தனை மாசமா உங்களுக்கு மீன் சாறு ஊத்தியிருக்கேன். தெரியாம ஊத்தினேன். ஆனா ஊத்தினது நான்தான்.”

ராமசுப்ரமணியனும் முதலில் சிரித்தார். பிறகு குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவர் சட்டை நனைந்தது. அதை நிமிர்த்தத் தோன்றவில்லை. “அம்மாட்ட சொல்லாதீங்கோ மாமா. நான் ஏதாவது சொல்லிக் கூட்டிண்டு போயிடறேன்.”

“போன்ல வாக்குக் கொடுத்தது நான் தம்பி. நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

அண்ணாச்சி மழையில் இறங்கி, ஆட்டோவுக்குள் குனிந்து பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அரக்குப் புடவையும் மடியில் வைத்த இரண்டு கையும் மட்டும் தெரிந்தது. பிறகு அண்ணாச்சியே சொன்னதைக் கேட்டு ரெஷ்மா என்னிடம் சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லையாம். “நீங்களும் சாப்பிட்டேளா?” என்று மட்டும் கேட்டாளாம். ஆமாம்மா என்றதும் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாளாம். ஆட்டோ வளைந்து போயிற்று. ராமசுப்ரமணியன் அதற்கப்புறம் நான் பார்க்க ஒரு நாளும் அந்த வாசலுக்கு வரவில்லை.

அண்ணாச்சி நேரே ரெஷ்மாவிடம் போனார். “மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் எழுது பிள்ளே. இந்தக் கடை சைவ சூப்பில் மீன் சேர்ந்திருந்தது, சமையற்காரன் அறியாமல் சேர்த்தது, மன்னிக்கணும். கீழே என் பேரைப் போடு.” அவள் பிரஜினைப் பார்த்துக்கொண்டே சின்ன எழுத்தில் எழுதினாள். “பெருசா எழுது,” என்றார்.

“கடை பூட்டிப்போகும் அண்ணா,” என்று பிரஜின் அழுதுவிட்டான்.

“பூட்டாதுடே. கோழி தின்ன வாறவன் வருவான். சைவம் தின்னவனுக்கு மட்டும் தெரியணும்லா.”

தாளை அவரே கண்ணாடியில் ஒட்டினார். சிலர் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கி உள்ளே வந்து கோழி ராமென் கேட்டார்கள். வடக்கத்திப் பெண்பிள்ளை ஒருத்தி வாசலிலேயே நின்று அழுதாள். இரண்டு பேர் வந்து கத்தினார்கள். கத்தினவர்கள் முன்னால் அவர் கைகட்டி நின்றார். சாயந்திரம் பிரஜின் எவ்வளவோ கெஞ்சினான், இருந்துவிடச் சொல்லி. “என் நாக்கை நம்பித்தான் சட்டியை என் கையில விட்டே. இப்பம் எனக்கே அதை நம்ப முடியலையே,” என்றார்.

என்னோடு அன்றும் சனிக்கிழமையும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் ஆறுதல் சொன்னார். ஆனால் அந்த “பாத்துக்கிட்டு நின்னியே” காதைவிட்டுப் போகவில்லை. இன்னொன்றும் குடைந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிதோறும் அவர் வைத்த அந்தக் கிண்ணம். ருசியாக இருக்கட்டும் என்று அதிலும் ஒரு பிடி நொறுக்கிப் போட்டிருப்பாரோ? எனக்கு வாசனை பிடிபடாமல் போயிருக்குமோ? என் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்திருந்தார். நேர்ச்சை உடைந்திருந்தால்? கேட்கலாம். ஆனால் எந்த முகத்தோடு கேட்பேன்?

திங்கட்கிழமை காலை அவர் ஊருக்குப் போகிறார் என்று ரெஷ்மா சொன்னாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தென்காசி பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பை. நெற்றியில் அன்று திருநீறு இல்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பூசுவாராம். வீட்டில் அவர் மனைவி உலகம்மை மதினியிடம் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

“மன்னிக்கணும் அண்ணாச்சி,” என்றேன். “எனக்குச் சொல்லப் பயமா இருந்து.”

தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தூங்காத கண். டிரைவர் ஏறிவிட்டார், பஸ் உறுமிற்று. நான் பின்னால் நகர்ந்தேன். அவர் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அருகே வரச் சொன்னார்.

“நீ கேக்கமாட்டேன்னு தெரியும்,” என்றார். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையா யோசிச்சுப் பாத்துட்டேன், மேரி. உன் கிண்ணத்துல அதை ஒரு நாளும் போடல. உன் நேர்ச்சை கெடல. பயப்படாம இரு.”